பேச்சுக்கு மருந்திடும் படிப்பு: சேர்வதற்கு என்ன தகுதி வேண்டும்?

நான்கு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, பாரிசவாதம் வந்தபின் மனைவியின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் கண்கலங்கும் முதியவர், ஆசிரியர் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பின்வரிசையில் ஒளியும் திக்குவாய் மாணவன். இவர்களில் ஒருவரேனும் இல்லாத ஊர் உண்டா? "வாப்பாவும் சின்னதில் இப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று சொல்லிக் காலத்தைக் கடத்திவிடுகிறோம். இத்தகையோருக்கு உதவுவதற்கென்றே பேச்சு மொழிச் சிகிச்சை என்றொரு துறை உண்டு.

இத்துறைக்குள் நுழையும் வழி நாட்டுக்கு நாடு வேறுபடும். நம் நாட்டில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் இதற்கென நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிரித்தானியாவிலும் முதற்பட்டத்துடன் தொழிலுக்கு வரலாம். ஆனால் அமெரிக்காவில் முதுமாணிப் பட்டம் இருந்தால்தான் முழுத் தகுதியுள்ள சிகிச்சையாளராக முடியும். அங்கே படிக்க விரும்பும் நம் பிள்ளைகள், சேரும் தகுதிகளை அவற்றின் காரணங்களோடு அறிந்திருப்பது அவசியம். காரணம் தெரிந்தவர் முன்கூட்டியே ஆயத்தமாவார். தெரியாதவர் கடைசி நேரத்தில் தடுமாறுவார்.

முதற்பட்டம் எதில்?

பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் முதற்பட்டம் பெற்றவருக்கு வழி இலகு. உளவியல், மொழியியல், கல்வியியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றவருக்கும் கதவு மூடப்படவில்லை. ஆனால் அவர் விடுபட்ட பாடங்களை முதலில் படித்து முடிக்க வேண்டும். ஒலியியல், பேச்சுறுப்புகளின் அமைப்பும் தொழிற்பாடும், குழந்தைகள் மொழி கற்கும் முறை, செவிப்புலனியல் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. இதனால் படிப்புக் காலம் ஏறத்தாழ ஓராண்டு நீளலாம்.

ஒலியியல் என்றதும் மிரள வேண்டாம். எந்த எழுத்து தொண்டையின் எப்பகுதியில், நாவின் எவ்விடத்தில் பிறக்கிறது என்று மக்ரஜ் பாடத்தில் நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்கிறார்கள். அதே கேள்வியை உலக மொழிகள் அனைத்தையும் நோக்கிக் கேட்பதே ஒலியியல்.

நான்கு அடிப்படைப் பாடங்கள்

அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கம் 1925ஆம் ஆண்டு தோன்றியது. 'ஆஷா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சங்கத்தின் தகுதிச் சான்றிதழைப் பெற நான்கு துறைகளில் பாடம் படித்திருக்க வேண்டும். உயிரியல், பௌதிகம் அல்லது இரசாயனம், புள்ளிவிபரவியல், சமூக அல்லது நடத்தை விஞ்ஞானம் என்பனவே அவை.

பேச்சுக்குச் சிகிச்சை செய்ய இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பாரிசவாத நோயாளிக்கு விழுங்குவதும் சிரமமாகலாம்; உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதைக் கையாள்வதும் இச்சிகிச்சையாளரின் கடமை என்பதால் உயிரியல் வேண்டும். ஒலி என்பது அலை. அதனை விளங்கப் பௌதிகம் உதவும். ஒரு பிள்ளை வயதுக்கேற்பப் பேசுகிறதா, செய்த சிகிச்சை பலன் தந்ததா என்று அளந்தறியப் புள்ளிவிபரம் தேவை. பிள்ளையின் வீட்டையும் சூழலையும் விளங்கச் சமூக விஞ்ஞானம் தேவை. நோயாளியின் நன்மையே ஒவ்வொரு நிபந்தனைக்கும் பின்னால் நிற்கிறது.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்?

பல பல்கலைக்கழகங்கள் பொது விண்ணப்ப முறையொன்றின் மூலமே விண்ணப்பங்களை ஏற்கின்றன. நான்குக்கு மூன்று என்ற சராசரிப் புள்ளியைப் பல இடங்களில் ஆகக்குறைந்த தகுதியாகக் கொள்கிறார்கள். போட்டி கடுமையானதால் அதற்கு மேலும் எடுக்க முயல வேண்டும். பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்படும். கற்பித்த விரிவுரையாளர்களிடமே அவற்றைப் பெறுவது நல்லது. ஜீ.ஆர்.ஈ. பரீட்சையைப் பல நிறுவனங்கள் இப்போது கேட்பதில்லை. வெளிநாட்டு மாணவர்கள் டோபல் அல்லது ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வுப் பெறுபேற்றையும், தமது பட்டத்திற்கான மதிப்பீட்டு அறிக்கையையும் சமர்ப்பிக்க வேண்டிவரும்.

'ஏன் இத்துறைக்கு வருகிறீர்கள்?' என்று கேட்டு ஒரு கட்டுரையும் எழுதச் சொல்வார்கள். பிறர் எழுதியதைப் பார்த்தெழுதுவது இங்கே பயன் தராது. விசேட தேவையுடைய பிள்ளைகளின் பாடசாலையிலோ முதியோர் இல்லத்திலோ சில மாதங்கள் தொண்டு செய்தவருக்குத் தாமாக எழுத நிறைய இருக்கும்.

நம் உச்சரிப்பு தடையாகுமா?

பலரது அச்சம் இதுதான். வேற்று மொழிச் சாயலோடு ஆங்கிலம் பேசுவது குறைபாடல்ல என்பதே ஆஷாவின் நிலைப்பாடு. அவ்வாறு பேசும் மாணவர்களும் தேவையான அறிவும் சிகிச்சைத் திறனும் பெற்றிருந்தால் இத்தொழிலைச் செய்யலாம் என்று அச்சங்கம் 1998இல் அறிவித்தது. ஆகவே உச்சரிப்பை எண்ணிப் பின்வாங்க வேண்டாம்.

அனுமதி கிடைத்த பின்...

படிப்பு பொதுவாக இரண்டாண்டு. சான்றிதழுக்கு 400 மணித்தியாலச் செயல்முறைப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணித்தியாலம் பிறர் செய்வதைக் கூர்ந்து பார்ப்பது; மீதி 375 மணித்தியாலம் நோயாளிகளோடு நேரடியாகப் பணி செய்வது. பேசுவதற்கு முன் பார்க்கவும் கேட்கவும் பழக்குகிறார்கள்! பட்டத்தின் பின் ஆகக்குறைந்தது 36 வாரங்களில் 1,260 மணித்தியாலம் மேற்பார்வையின் கீழ் பணியாற்றி, 'பிராக்சிஸ்' எனும் தேசியப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். தொழில் செய்யும் மாநிலத்தின் அனுமதிப்பத்திரமும் தேவை.

பெற்றோர் கவனத்திற்கு

பணம் கட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். அந்தக் கற்கைநெறிக்கு ஆஷாவின் கல்வித் தரச்சான்றுச் சபையின் அங்கீகாரம் உண்டா? இல்லையென்றால் பட்டம் கையிலிருந்தும் ஆஷாவின் சான்றிதழ் கிட்டாது. காணியை விற்று அனுப்பிய பிறகு இதை அறிந்து என்ன பயன்? விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனைகளை அதனிடமே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கடல் கடக்க வசதியில்லாதவர்கள் மனந்தளர வேண்டாம். ராகமைக் கற்கைநெறிக்கான உயர்தரப் பாடத் தகுதிகள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் உள்ளன. பிள்ளை உயர்தரப் பாடங்களைத் தெரிவு செய்யுமுன்பே அதனை எடுத்துப் பாருங்கள்.

தமிழ் பேசும் பிள்ளையின் தடுமாற்றத்தை, அதன் தாய்மொழி தெரிந்தவரே நன்கு இனங்காண்பார். உம்மாவிடம் பேசும் மொழியிலேயே அப்பிள்ளைக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டாமா? வைத்தியர், பொறியியலாளர் என்ற இரு கனவுகளோடு நின்றுவிடாமல், பொறுமையும் இரக்கமும் செவிமடுக்கும் குணமும் உள்ள உங்கள் மகளுக்கோ மகனுக்கோ இப்படியொரு பாதையும் இருக்கிறதென்று இன்றே சொல்லுங்கள்.