மூளைக் கட்டியில் ஊசி: குறி தப்பக் கூடாது!

"ஸ்கேன்லேயே கட்டி தெரிஞ்சிடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு மண்டையிலே ஓட்டை போட்டுச் சதை எடுக்கணும்?" சித்த வைத்தியனான என்னிடமும் இதைக் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் புற்றுக்கட்டி, சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி மூன்றும் சில சமயம் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். வைத்தியமோ மூன்றுக்கும் மூன்று விதம்! துளி சதையைச் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மூளைக்கட்டி வகைப்பாடு, மரபணுச் சோதனையையும் கேட்கிறது. அதற்கும் சதை வேண்டுமே!

எங்கே குத்துவது?

அரிசி மண்டியிலே குத்தூசியால் குத்தி ஒரு பிடி எடுத்தால், மூட்டை முழுக்க எப்படி என்று தெரிந்துவிடும். மூளைக் கட்டி அப்படி இல்லீங்க. ஒரே கட்டியிலே ஒரு பக்கம் சாதுவாக இருக்கும், இன்னொரு பக்கம் வீரியமாக இருக்கும், நடுவே செத்த திசு கிடக்கும். சாதுவான இடத்தில் குத்தினால், கொடிய நோய்க்கும் 'லேசானது' என்று ரிப்போர்ட் வந்துவிடலாம்.

இங்கேதான் நவீனப் படங்கள் கைகொடுக்கின்றன. சாதாரண எம்.ஆர்.ஐ. கட்டியின் உருவத்தைக் காட்டும். பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ., ரத்தம் எங்கே அதிகம் பாய்கிறது என்று காட்டும். ஸ்பெக்ட்ராஸ்கோபி, 'கோலின்' என்ற பொருள் எங்கே கூடியிருக்கிறது என்று சொல்லும். செல்கள் பெருகும் இடத்தில் அது கூடும். அமினோ அமில பெட் ஸ்கேன், கட்டிக்குப் பசி எங்கே அதிகம் என்று காட்டிக்கொடுக்கும். இந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, ரத்தக்குழாய்களை ஒதுக்கி வழி குறிக்கிறார்கள். பிறகு தலையில் சட்டம் மாட்டியோ, நேவிகேஷன் கருவியின் துணையோடோ, சிறு துளை வழியே ஊசி போகிறது. மூளைக்கு வலி தெரியாது. அதனால் பலருக்கு, துளை போடும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும்.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

ரத்தக்கசிவுதான் முக்கிய ஆபத்து. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் மட்டுமல்ல, சூரணம், லேகியம் சாப்பிட்டாலும் சர்ஜனிடம் மறைக்காதீர்கள். ஸ்டீராய்டையும் நீங்களாக ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். 'லிம்போமா' வகைக் கட்டியை அது தற்காலிகமாகச் சுருக்கி, சோதனையையே ஏமாற்றிவிடும்.

நாடி பிடித்துப் பார்த்து மூளைக்கட்டியின் வகையைச் சொல்ல முடியாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி, புதிதாக வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் இருந்தால், கஷாயம் போட்டு நாள் கடத்தாமல் நரம்பியல் நிபுணரிடம் ஓடுங்கள்!