விமான வழிகாட்டுநரின் கைக்கடிகாரம்
ஜெர்மனி, 1940களின் முற்பகுதி
உலோக உறை, தோல்பட்டை. விட்டம் 55 மி.மீ.

கட்டுவது கையில்; உள்ளே ஓடுவதோ பாக்கெட் கடிகாரத்தின் இயந்திரம். இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். குளிருக்கு அணியும் தடித்த உடையின் மேல் கட்டுவதற்காகப் பட்டையை நீளமாக வைத்தார்கள். கையுறையோடு சாவி கொடுக்க வசதியாகக் குமிழும் பெரியது. அதை வெளியே இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். வழிகாட்டுநர் நொடி பிசகாமல் நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே ஆகிய ஜெர்மன் நிறுவனங்களும் சுவிஸ் நிறுவனமான ஐ.டபிள்யூ.சி.யும் ஜெர்மன் விமானப்படைக்காக இவ்வகைக் கடிகாரங்களைச் செய்தன.

பழைய பாக்கெட் கடிகாரங்களைப் பழுதுபார்த்து, புது உறையில் பொருத்திக் கைக்கடிகாரமாக்கும் கைவினைஞர்கள் இன்றும் உண்டு. மூடியில்லாப் பாக்கெட் கடிகாரத்தில் குமிழ் 12 மணிக்கு மேலே இருக்கும். கைக்கு ஏற்றபடி அதை 3 மணிப் பக்கம் திருப்பினால், 6 மணி இடத்திலிருந்த சிறு நொடிவட்டம் 9 மணிக்குப் போய்விடும். மூடியுள்ள வகையில் குமிழ் முதலிலேயே 3 மணிப் பக்கம் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. எது எதிலிருந்து வந்தது என்பதை முகப்பைப் பார்த்தே ஊகிக்கலாம்.

பழைய இயந்திரங்களில் அதிர்ச்சித் தடுப்பு கிடையாது. தவறிக் கீழே விழுந்தால், சமன் சக்கரத்தின் மெல்லிய அச்சுமுனை முறிந்துவிடும்.