அம்மீட்டர் முள் காட்டும் பழுது
சித்தூர்–திருப்பதி சாலையில் பழைய புல்லட் நின்றுவிட்டால், பலர் முதலில் ஸ்பார்க் பிளக்கையே கழற்றுவர். அது பெரும்பாலும் வீண் வேலை. பாட்டரிப் பற்றவைப்புடைய அவ்வண்டிகளின் முகவிளக்குக் கூட்டில் அம்மீட்டர் உண்டு. விளக்குகளை அணைத்துச் சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்துக. பாயிண்டுகள் கூடும்போது முள் கழித்தல் பக்கம் சாய்ந்து, பிரியும்போது நடுவிற்கு மீளவேண்டும். பிரியும் அக்கணத்திலேயே காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பொறி பிறக்கிறது.

முள் அசையாவிடில் முகவிளக்கை ஏற்றுக. அதுவும் எரியாவிடில் பாட்டரி முனைகளைக் காண்க. எரியுமாயின் பாயிண்டுகளில் அழுக்கோ, ஒயர் கழன்றதோ காரணம். துடைத்து, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டராக அமைக்க. சாய்ந்த முள் மீளாவிடில் பாயிண்டுகள் பிரியவில்லை எனலாம். முள் ஒழுங்காக ஆடியும் பொறி இல்லையெனில் மட்டுமே பிளக், காயில், கண்டென்ஸர் ஆகியவற்றை ஐயுறுதல் தகும். சோதனை முடிந்ததும் சாவியை மூடுக. இன்றேல் காயில் சூடேறிக் கெடும்.