பழைய புகைப்படங்களும் மட்டக்களப்பின் சமூக வரலாறும்

பழைய புகைப்படம் கடந்த காலத்தை உள்ளவாறே காட்டுகின்றது என்பது பரவலான நம்பிக்கை. ஆயின், கமெராவை வைத்திருந்தவர் யார், எதன்பொருட்டு யாரை அதன் முன் நிறுத்தினார் என்னும் வினாக்களை எழுப்பாதவிடத்து, அப்படம் வெறும் நினைவுப்பொருளாகவே எஞ்சும்; வரலாற்றுச் சான்றாகாது. மட்டக்களப்பு வாவிக் கிராமங்களின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இவ்வினாக்கள் இன்றியமையாதன.

இலங்கையிற் புகைப்படக்கலை காலனித்துவத்தின் துணையுடனேயே வளர்ந்தது. ஸ்கீன், 1890இல் தொடங்கப்பெற்ற பிளாட்டே ஆகிய நிறுவனங்கள் இலங்கை மக்களைச் சாதி, இன, தொழில் ‘வகைகளாக’ப் படம்பிடித்து விற்றன. 1907இல் இலண்டனில் வெளியான, ஆர்னோல்ட் ரைட் பதிப்பித்த இலங்கை பற்றிய பெருநூலில் தோட்ட முதலாளிகளும் வணிகரும் தத்தம் பெயருடன் காட்சியளிக்கின்றனர். சொத்துடையோர்க்குப் பெயர் உண்டு. உழைப்போர்க்கு வகை மட்டுமே உண்டு. இதே காலப்பகுதியில் இங்கிலாந்தில், 1897இல் பெஞ்சமின் ஸ்டோன் நிறுவிய தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கம், அந்நாட்டுக் கிராமங்களின் கட்டடங்களையும் வழக்காறுகளையும் தேசத்தின் மரபுச் செல்வமாகத் திரட்டியது. அங்கு மரபாகக் கருதப்பட்டது, இங்கு விநோதமாக விற்கப்பட்டது.

வெளியார் எடுத்த படங்களை மட்டும் குறைகூறி அமைதல் போதாது. நம்மவர் வீட்டுச் சுவர்களில் தொங்கிய படங்களையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். வாவியின் மேற்கே படுவான்கரை, நெல் விளையும் நிலம். கிழக்கே எழுவான்கரை, சனச்செறிவு மிக்க கரையோரம். படுவான்கரை வயல்களின் உடைமையாளரான போடியார், நாற்காலியில் அமர்ந்து குடும்பத்தோடு படமெடுத்துக்கொள்ளும் வசதி பெற்றிருந்தார். அவ்வயலிலே பாடுபட்ட முல்லைக்காரன் படத்தில் இடம்பெற்றானாயின், பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றான். திருமணமும் திருவிழாவும் படமாகின. வேளாண்மை வெட்டும் சூடுமிதிப்பும் அரிதாகவே படமாகின. இவ்வில்லாமை தற்செயலானதன்று, உற்பத்தி உறவுகளின் வெளிப்பாடே அது எனலாம்.

காலங்கணித்தலுக்குப் படத்தின் பின்னணி உதவும். தேசாதிபதி மனிங்கின் மனைவியின் பெயரால் அமைந்த கல்லடிப் பாலம் 1920களுக்கு உரியது. எனவே அப்பாலமின்றிக் கல்லடித் துறையைக் காட்டும் படம் அதற்கு முந்தியது. இரு பாலங்கள் தெரியின், அது புதிய பாலம் திறக்கப்பட்ட 2013ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் நீர்வழிப் போக்குவரத்தையே நம்பியிருந்தனர். அத்துறையின் பழைய படமொன்று, சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் செல்ல அம்மக்கள் கொடுத்த விலையையும் நமக்கு உணர்த்தும்.

இப்பணி காலந்தாழ்த்தக்கூடியதன்று. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. 1990இன் வன்முறைகள் தமிழரையும் முஸ்லிம்களையும் தத்தம் ஊர்களிலிருந்து துரத்தின. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோர வீடுகளைக் கொண்டுசென்றது. வீடுகளோடு படங்களும் அழிந்தன. எஞ்சியவற்றில் உள்ளோரை இனங்காணக்கூடிய முதியோரும் குறைந்துவருகின்றனர். பெயரற்றுப்போன படத்துக்கு எவரும் தாம் விரும்பிய கதையைச் சூட்டலாம். நிலமும் ஊரும் ஓரினத்துக்கே உரியன என நிறுவவும் அதனைப் பயன்படுத்தலாம். அயலூர்த் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டையிலும் ஒரே சந்தையிலும் நின்ற படமோ அத்தகைய கூற்றை மறுக்கும் வலிமை வாய்ந்தது.

1960களில் ஒக்ஸ்போர்ட் ரஸ்கின் கல்லூரியில் ராபேல் சாமுவேல் தொடங்கிய வரலாற்றுப் பட்டறை இயக்கம், உழைக்கும் மக்களே தம் வரலாற்றை எழுதலாம் என்பதைக் காட்டியது. அதற்கான முதற்படி நமக்கும் எளியதே. படத்தை முதியோரிடம் காட்டி, அதில் அமர்ந்திருப்போரின் பெயரை மட்டுமன்றி, ஓரத்தில் நிற்போரின் பெயரையும் தொழிலையும் ஊரையும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதும் உடன் பதியப்படல் வேண்டும். ஓரத்தில் நிற்பவர் பெயர்பெறும்போதே கிராமத்தின் வரலாறு மக்களின் வரலாறாகத் தொடங்குகின்றது.