மேத்தன் மணி: ஒரு மரமுகமும் ஒரு பெயரும்

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தது. ஆகவே நாஞ்சில் நாட்டுக் கலைவரலாற்றைத் திருவனந்தபுரத்தைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது. மரச்சிற்பமும் கடிகாரமும் அவ்வரலாற்றில் அருகருகே நிற்கின்றன.

தக்கலையில் ஞானக்கவி பீர்முகம்மது அப்பா அடங்கியுள்ள தர்காவிலிருந்து சிறிது தொலைவில் பத்மநாபபுரம் அரண்மனை உள்ளது. அதன் பூமுகத்து மரக்கூரையில் ஒன்றுபோல் ஒன்றில்லாத தொண்ணூறு மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவ்வரண்மனையின் மணிமாளிகைக் கடிகாரம், தொங்கவிடப்பட்ட எடைகள் மெல்ல இறங்கும் விசையால் இயங்குவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது அரசவையின் மரவேலை மரபும் அங்கே தொடர்ந்தது. சுவாதித் திருநாள் (ஆட்சி: 1829–1846) எழுப்பிய மாளிகையின் இறவாரத்தைச் சுற்றி 122 மரக்குதிரைகள் உள்ளன. அதனாலேயே அது குதிரைமாளிகை எனப்படுகிறது.

அதே மன்னர் காலத்ததே, பத்மதீர்த்தக் குளத்தை நோக்கிய கருவேலப்புர மாளிகையிலுள்ள கடிகாரம். அதன் முகப்புக்கு மேலே தாடியுள்ள ஒரு மனிதமுகம். இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது அம்முகம் வாய் திறக்க, கடாக்கள் பாய்ந்து வந்து கன்னங்களில் முட்டும். குளத்தூக்காரன் என்ற கைவினைஞர் இதைச் செய்ததாக வழிவழியாகக் கூறப்படுகிறது. மக்கள் இதற்கு இட்ட பெயர் 'மேத்தன் மணி'. மேத்தன் என்பது பழைய திருவிதாங்கூர்ப் பேச்சில் முஸ்லிமைக் குறித்த சொல்.

மணிக்கொரு முறை பொம்மைகள் இயங்கும் கடிகாரம் இஸ்லாமிய நாகரிகத்துக்குப் புதிதன்று. கி.பி. 1206இல் அல்ஜஸரீ நிறைவு செய்த பொறியியல் நூலில் யானைக் கடிகாரம் விவரிக்கப்பட்டுள்ளது. நீரால் இயங்கும் அதில் அரைமணிக்கொரு முறை பறவை சுழலும். பாகன் கை ஓங்குவான். எடையால் இயங்கும் பிற்காலக் கடிகாரங்களிலோ நேரம் காட்டும் பற்சக்கரத் தொடர் ஒன்று, மணியடிக்கும் தொடர் மற்றொன்று. மணி நிறைவுறும்போது முதல் தொடர் ஒரு நெம்புகோலை விடுவிக்க, இரண்டாவது தொடர் இயங்கத் தொடங்கும். உருவங்களை அசைக்க வேண்டுமானால் அவற்றை இந்த இரண்டாம் தொடரோடு பிணைத்தால் போதும்.

கன்னத்தில் முட்டு வாங்கும் முகத்துக்கு நம் பெயரைச் சூட்டியது ஏளனம்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. மேத்தன் என்ற சொல் எப்போதும் மரியாதையோடு வழங்கப்பட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் தச்சன் செதுக்கியது ஒரு தாடிமுகத்தை மட்டுமே. பெயரைத் தந்தது தெரு. தாடியைக் கண்டதும் அந்தத் தெருவுக்கு நினைவு வந்தவர், நாள்தோறும் கடைவீதியில் எதிர்ப்பட்ட முஸ்லிம். அந்நியனைக் கேலிசெய்ய இத்தனை பழக்கம் தேவைப்பட்டிராது. கேலியும் நெருக்கமும் கலந்த அண்டைவாழ்வின் தடயம் அது.

பட்டயங்களிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமே நம் முன்னோரைத் தேடுவோர் இத்தகைய சான்றுகளைத் தவறவிடுகிறார்கள். பேச்சுவழக்கிலிருந்து மேத்தன் என்ற சொல் மறைந்து வருகிறது. கடிகாரத்தின் பெயரில் அது தங்கியிருக்கிறது. புண்படாமலும் பெருமை பாராட்டாமலும் அதைப் பதிவு செய்வது நம் வரலாற்றாசிரியர்களின் கடமை.