மேயர் இல்லாத ஊரின் அரசு

ஆல்டடீனாவுக்கு மேயர் கிடையாது. டவுன் கவுன்சில் என்று ஒன்று உண்டு. அது யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே, மலையடிவாரத்தில் சுமார் 42,000 பேர் வாழ்ந்த ஊர் அது. 2025 ஜனவரி 7 மாலை அருகிலுள்ள ஈட்டன் பள்ளத்தாக்கில் பற்றிய தீ, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைச் சாம்பலாக்கியது. அந்த ஊரின் சாலை, காவல், தீயணைப்பு, வீடு கட்டும் அனுமதி எல்லாவற்றுக்கும் பொறுப்பு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி.

அமெரிக்காவில் மாநிலத்துக்கும் நகரத்துக்கும் நடுவே நிற்பது கவுன்டி. நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் 58. பரப்பைப் பார்த்தால் நம் மாவட்டம் போலத் தோன்றும். ஆனால் நம் ஆட்சியர் அரசு அனுப்பிவைக்கும் அதிகாரி. கவுன்டியை நடத்துவதோ அங்குள்ளவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு. அதே சமயம் மாநிலத்தின் வேலையாளும் கவுன்டிதான். ஏழைகளுக்கான மருத்துவ உதவியும் உணவு உதவியும் வேண்டுவோர் தகுதியானவர்களா என்று பார்த்துப் பதிவு செய்வது கவுன்டி அலுவலகம். பணத்தில் பெரும்பங்கு மாநிலத்திடமிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் வரும். விதிகளும் கூடவே வரும்.

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் அளவு மலைக்க வைக்கும். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள், 88 நகரங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், ஆண்டுக்கு 4,500 கோடி டாலரைத் தாண்டும் செலவு. எந்த நகரத்திலும் சேராத பகுதிகளில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆல்டடீனாக்காரர்கள் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். நகரமாக இருப்பவையும் முழுக்க விலகி நிற்பதில்லை. 1954-இல் லேக்வுட் என்ற புறநகர் தனி நகரமானபோது, சொந்தமாகக் காவல்துறை வைக்காமல், பணம் கட்டி, கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபையே வரவழைத்துக்கொண்டது. இன்று நாற்பதுக்கும் அதிகமான நகரங்கள் அதே வழியில் போகின்றன.

சொத்து வரி வாங்குவதும் கவுன்டிதான். 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய பதின்மூன்றாம் முன்மொழிவின்படி, சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று அடிப்படை வரி. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. அதனால் ஒரே தெருவில், ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில், நாற்பது ஆண்டாக இருப்பவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு புதிதாக வாங்கியவர் கட்டுவார். மதிப்பைக் கணக்கிடும் அசெஸர் தேர்தலில் வென்று வந்தவர். வசூலான பணத்தில் கணிசமான பங்கு பள்ளிகளுக்கும் நகரங்களுக்கும் பிரிந்து போய்விடும். இது தெரியாமல், கட்டியதெல்லாம் கவுன்டிக்கே என்று நினைத்துக் கோபப்படுவோர் உண்டு.

தேர்தல் நடத்துவது, பிறப்பு இறப்பு திருமணப் பதிவு, உணவகங்களின் சுத்தம் பார்த்து வாசலில் ஏ, பி, சி என்று அட்டை மாட்டுவது, சிறைச்சாலை, நூலகம், கடற்கரைக் காவலர்கள் என்று மற்ற வேலைகளின் பட்டியல் நீளும். என் பார்வையில் கவுன்டியின் உண்மையான இயல்பு தெரிவது வேறோர் இடத்தில். வேறு ஆதரவில்லாத ஏழைகளைக் கவுன்டி தாங்க வேண்டும் என்கிறது மாநில நலச் சட்டத்தின் 17000-ஆம் பிரிவு. கவுன்டியின் பொது மருத்துவமனைகள் நிற்பது இந்தக் கடமையின் மேல்தான். இறந்த பின்னும் அது முடிவதில்லை. உறவினர் யாரும் வந்து கேட்காத உடல்களைக் கவுன்டி எரியூட்டுகிறது; சாம்பலைச் சில ஆண்டுகள் பாதுகாத்து வைக்கிறது; அதன் பிறகும் யாரும் வராவிட்டால், பாயில் ஹைட்ஸில் உள்ள தன் இடுகாட்டில், அந்த ஆண்டுக்குரிய எல்லாருடைய சாம்பலையும் ஒரே குழியில் புதைக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் பல சமயத்தார் கூடி அங்கே பிரார்த்தனை செய்கிறார்கள்.

இத்தனை பொறுப்புக்கும் தலைமை ஐந்தே பேர். சூப்பர்வைசர்கள் என்று பெயர். ஆளுக்கு இருபது லட்சம் மக்கள். சட்டம் இயற்றுவதும் அவர்கள்தான், நிர்வாகத்தை மேற்பார்வையிடுவதும் அவர்கள்தான். ‘ஐந்து குட்டி ராஜாக்கள்’ என்று உள்ளூரில் கிண்டல் உண்டு. 2020 முதல் ஐவரும் பெண்கள் என்பதால் அந்தக் கிண்டல் இப்போது அவ்வளவாக எடுபடாது. ஷெரிஃப் தனியாகத் தேர்தலில் வென்று வருபவர். அவர் செலவுக்கான பணத்தைச் சூப்பர்வைசர்கள் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் அவரை நீக்கும் அதிகாரம் நெடுங்காலம் அவர்களுக்கு இருக்கவில்லை. தக்க காரணம் இருந்தால், ஐவரில் நால்வர் சேர்ந்து நீக்கலாம் என்று 2022-இல் மக்கள் வாக்களித்துச் சொன்னார்கள்.

கூட்டம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில். 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிட வேண்டும். வருகிற எவரும் பேச இடம் கொடுக்க வேண்டும். கிடைப்பது ஓரிரு நிமிடம். நேரில் போய் முறையிட நகர்மன்றம் இல்லாதவர்களுக்கு அந்த நிமிடங்களின் மதிப்பு தெரியும்.

ஆல்டடீனாவில் நடந்தது இந்த அமைப்பின் பலவீனத்தையும் காட்டியது. தீ பற்றியது மாலை ஆறரை மணிக்குள். லேக் அவென்யூ என்ற சாலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு, வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவு வந்ததோ அதிகாலை மூன்றரை மணி வாக்கில். இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவசர கால நிர்வாகம், ஷெரிஃப், தீயணைப்பு என்று பொறுப்பு பல துறைகளில் சிதறிக் கிடந்தது. அத்தனைக்கும் மேலே, பெயர் சொல்லிக் கேள்வி கேட்க ஒரு தலைவர் இல்லை.

தீக்கு இரண்டு மாதம் முன்பு, 2024 நவம்பரில், வாக்காளர்கள் ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் தந்திருந்தார்கள். ‘மெஷர் ஜி’ எனப்படும் அந்தத் திட்டப்படி சூப்பர்வைசர்கள் ஒன்பது பேராவார்கள். கவுன்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைமை நிர்வாகி ஒருவரும் வருவார். அந்தப் பதவிக்கான முதல் தேர்தல் 2028-இல். கேள்வி கேட்க ஒரு முகம் கிடைக்கும் என்பது லாபம்தான். ஆனால் அதிகாரம் ஒரே கையில் குவியும் என்று எதிர்த்தவர்களின் கவலையும் வெறும் கவலையல்ல. தவிர, ஒன்பதாகப் பிரித்தாலும் ஒரு சூப்பர்வைசருக்குப் பதினோரு லட்சம் பேர்.