இடது எவ்வளவு, வலது எவ்வளவு

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். மார்பகக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து வருகிற பெண்ணுக்குப் பல நேரம் வலியைவிடப் பயம் தருவது இரண்டு பக்கமும் தொங்கும் டிரெய்ன்தான். பார்க்கக் கலக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அது செய்வது எளிய வேலை.

திசுவை எடுத்த இடத்தில் ரத்தமும் நிணநீரும் கசிந்து சேரும். அதை வெளியே கொண்டுவர ஒரு மெல்லிய குழாய், அதன் நுனியில் கையில் அடங்கும் பல்பு. சில ஆஸ்பத்திரிகளில் பல்புக்குப் பதில் மடிப்பு மடிப்பாக அமுங்கும் டப்பா இருக்கும். அமுக்கி மூடியதும் அது விரியப் பார்க்கும். அந்த விரிவுதான் நீரை இழுக்கிறது. அதனால் பல்பு சப்பையாக இருந்தால் நல்லது. காற்றடைத்து உப்பியிருந்தால் இழுப்பு போய்விட்டது.

காலி செய்யும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. அளவுக் கோப்பையில் ஊற்றி, பல்பை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூடுங்கள். பாதி நிறைந்தாலே இழுப்பு குறையும், அதனால் முழுக்க நிரம்பக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, நான் மிகவும் வற்புறுத்துவது: ஒரு நோட்டில் இடதையும் வலதையும் தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்துக் கூட்டிவிட்டால் எந்தப் பக்கம் ஆறுகிறது, எந்தப் பக்கம் தகராறு என்று டாக்டருக்குத் தெரியாது. நேரம், மில்லி, நிறம் மூன்றும் வேண்டும். முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள் என்று நிறம் வெளுத்துக்கொண்டே போக வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் டிரெய்னை எடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. இந்த ஆபரேஷனில் ஓரிரு நாளிலேயே எடுத்துவிடுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள்.

அளவு படிப்படியாகக் குறைவது நல்ல செய்தி. திடீரென்று நின்றுபோவது அப்படியல்ல. குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். ‘ஒன்றும் வரவில்லை, ஆறிவிட்டது’ என்று வீட்டார் சந்தோஷப்படும்போது உள்ளே ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு பக்க மார்பு மட்டும் இறுகி வீங்கினாலோ, வலி ஏறினாலோ, பல்பு அடர்சிவப்பாகச் சட்டென்று நிரம்பினாலோ இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சல், சீழ், நாற்றம், குழாய் நழுவுவது ஆகியவற்றையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். குழாயை விரலால் அழுத்தி நீவி அடைப்பெடுக்கும் முறை உண்டு. ஆனால் நர்ஸ் செய்து காட்டாமல் நீங்களாக முயல வேண்டாம்.

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி வாங்கி வையுங்கள். பல்பைக் காயத்துக்குக் கீழே இருக்கும்படி ஊக்கு போட்டு நைட்டியில் மாட்டலாம். ஊக்கு குழாயைக் குத்தக் கூடாது. துணியைக் கழற்றும்போது முதலில் ஊக்கைக் கழற்றுங்கள். அதை மறந்து இழுத்துவிடுவது எளிது.

தெரிந்தவர் ஒருவருக்கு டிரெய்னே வைக்கவில்லையாம், எனக்கு மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், அது நியாயமான கேள்வி. மார்பகக் குறைப்பில் டிரெய்ன் வைப்பதால் தெளிவான பலன் தெரியவில்லை என்றுதான் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. வைக்காத டாக்டர்கள் பலர். ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் காரணம் கேட்டு வையுங்கள்.

டிரெய்னை எடுப்பது சில நொடி வேலை. தையலை வெட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லி உருவிவிடுவார்கள். ஒரு சுருக், அவ்வளவுதான். அந்தத் துளையில் ஓரிரு நாள் லேசாகக் கசியும், பஞ்சுத் துணி வைத்தால் போதும். அதற்குப் பிறகும் உள்ளே நீர் தளும்புவது போலிருந்தால் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார்கள்.